மைசூருக்கு இரண்டு நாள்: நம் பயணத் திட்டத்தை நாமே எழுதுவோம்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞர்களிடம் இரண்டு நாள் லீவு கிடைத்தால் எங்கே போவீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் மைசூர் என்பார்கள். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர், அங்கிருந்து மைசூரு நூற்று நாற்பத்தைந்து. அதிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலும் எல்லோருக்கும் மனப்பாடம்: அரண்மனை, மிருகக்காட்சி சாலை, சாமுண்டி மலை, பிருந்தாவனம். சாப்பிட மைசூர்பாகு, மசால் தோசை.

எங்கள் வாசிப்பு வட்டத்திலும் இந்த ஆண்டு மைசூரு போவது என்று முடிவாகியிருக்கிறது. மாணவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களுமாகப் பன்னிரண்டு பேர். முடிவானதுமே ஒரு கேள்வி வந்தது. சேரிகளில் இத்தனை பிரச்சினை இருக்கும்போது இயக்கத் தோழர்களுக்குச் சுற்றுலா எதற்கு? அக்கறையோடுதான் கேட்டார்கள். ஆகவே பதிலும் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அம்பேத்கரும் சுற்றுலா போனார்

1934ஆம் ஆண்டு. ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தில் தன்னோடு வேலை செய்த தோழர்கள் ஒரு சுற்றுலா போகலாம் என்று விரும்பியபோது, புரட்சியாளர் அம்பேத்கர் மறுக்கவில்லை. வேரூள் பௌத்தக் குகைகளைப் பார்ப்பது என்று திட்டம். ஏறத்தாழ முப்பது பேர் கிளம்பினார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. நீண்ட பயணத்தில் உடலெல்லாம் புழுதி. கோட்டை வாசலில் இருந்த குளத்தில் முகமும் காலும் கழுவினார்கள். யார் இவர்கள் என்பது தெரிந்துவிட்டது. குளம் தீட்டாகிவிட்டது என்று ஒரு முதியவர் கத்திக்கொண்டு ஓடிவர, கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் கூடவே வரக் கோட்டையைப் பார்த்தார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்புகளில் அம்பேத்கரே இதை எழுதியிருக்கிறார்.

லண்டனிலும் நியூயார்க்கிலும் பட்டம் பெற்று, வட்டமேசை மாநாட்டில் பேசிவிட்டு வந்த மனிதருக்கு, சொந்த நாட்டில் ஒரு பழைய கோட்டையைச் சுற்றிப் பார்க்கக் காவல் தேவைப்பட்டது. இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்தே நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஊர் சுற்றுவது இயக்கத்துக்குப் புறம்பான காரியம் அல்ல. ஊர் சுற்றும் உரிமையும் நமக்கு யாரும் சும்மா கொடுத்ததல்ல.

நம் தாத்தா பாட்டிகளுக்குப் பக்கத்து ஊர்த் தெருவில் செருப்போடு நடக்கவே வழியில்லை. டீக்கடையில் தனிக் குவளை. அவர்கள் பயணம் போனார்கள், ஆனால் பிழைக்கப் போனார்கள்: கோலார் தங்கவயலுக்கு, தேயிலைத் தோட்டங்களுக்கு, பெங்களூருவின் கட்டட வேலைகளுக்கு. வேலைக்காக அல்லாமல், பார்ப்பதற்காகவும் ருசிப்பதற்காகவும் மட்டுமே ஓர் ஊருக்குப் போகும் முதல் தலைமுறை நம்மில் பலருடையது. மூன்று ஷிப்டில் மாறி மாறி உழைக்கிற உடம்புக்கு ஓய்வு ஆடம்பரமில்லை. ஆகவே போகிறோம், வயிறாரச் சாப்பிடுகிறோம். ஆனால் யாரோ எழுதிவைத்த பட்டியலை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை.

போகும் வழி

மைசூரு நமக்கு அந்நிய ஊர் அல்ல. கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகால் பகுதி திப்பு சுல்தானின் மைசூர் ஆட்சியில் இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகுதான் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு வந்தது. இன்று ஜூஜூவாடியில் நாம் கடக்கும் எல்லைக்கு முன்னால், இந்த இரண்டு பக்கமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் நம் தெருக்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பைக்கில் போகலாம் என்ற தோழர்களுக்கு ஒரு செய்தி. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் பிரதான வழியில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் டிராக்டர்களுக்கும் அனுமதி இல்லை. பக்கத்துச் சாலையில்தான் போக வேண்டும். பாதுகாப்புதான் காரணம் என்கிறார்கள். அந்தச் சாலையில் நடந்த விபத்துகளைப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. ஆனால் கார் இல்லாதவருக்கு அந்த வேகம் இல்லை என்பதும் உண்மை. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அது அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும். தினமும் அத்திபெலே தாண்டி வேலைக்குப் போகும் ஓசூர்ப் பெண் டிக்கெட் எடுத்தாக வேண்டும். செலவுக் கணக்குப் போடும்போது இதை மறக்க வேண்டாம். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ போகிறவர்களுக்கு ரயில்தான் மலிவு. தூத்துக்குடியிலிருந்து வரும் மைசூரு எக்ஸ்பிரஸ் ஓசூர் வழியாகத்தான் போகிறது. நாங்கள் பன்னிரண்டு பேர் என்பதால் வேன் எடுக்கிறோம். ஞாயிறு அதிகாலை கிளம்பி திங்கள் இரவு திரும்புவது என்று திட்டம். ஞாயிறு மாலையில் அரண்மனை விளக்குகள் எரியும், அதற்காகத்தான் இந்தக் கிழமைகள்.

முதல் நாள்: மேலுக்கோட்டை, ஸ்ரீரங்கப்பட்டணம்

முதல் நிறுத்தம் மாண்டியா மாவட்டத்து மேலுக்கோட்டை. உணவுப் பிரியர்கள் அங்கே புளியோகரேவுக்காகப் போகிறார்கள். நம் புளியோதரையின் கன்னடத்துத் தம்பி, ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்களும் சாப்பிடுவோம்.

ஆனால் அந்த மலைக்கோயிலுக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. இராமானுசர் இங்கே தங்கியிருந்தபோது, காணாமல்போன திருமேனியை மீட்க உதவியதற்காகத் தீண்டப்படாத மக்களுக்குத் 'திருக்குலத்தார்' என்று பெயர் சூட்டினார் என்றும், கோயிலுக்குள் நுழையும் உரிமை கொடுத்தார் என்றும் மரபு சொல்கிறது. எத்தனை நாள் உரிமை? ஆண்டுக்கு மூன்று நாள். ஆங்கிலேயர் காலத்து மைசூர் ஆவணங்களிலும் இந்த மூன்று நாள் வழக்கம் பதிவாகியிருக்கிறது.

இராமானுசரைப் புரட்சியாளர் என்று கொண்டாடுகிறவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மீதி முந்நூற்று அறுபத்திரண்டு நாள்? அழகான பெயர் கிடைத்தது, கதவு மூடியே இருந்தது. பிற்காலத்தில் 'அரிசனர்' என்ற பெயரைக் காந்தியார் முன்வைத்தபோது நம் தலைவர்கள் அதை ஏன் ஏற்கவில்லை என்பதை, மேலுக்கோட்டைப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினால் புதிய தோழர்களுக்கும் எளிதாகப் புரியும்.

அங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம். 1799 மே மாதம் திப்பு விழுந்த கோட்டை. திப்புவை வில்லனாக்க ஒரு கூட்டமும், குறையே இல்லாத நாயகனாக்க இன்னொரு கூட்டமும் மோதிக்கொள்கின்றன. நாம் அந்த மதிலைக் கட்டியவர்கள் யார், பாராமகாலிலிருந்து படைக்கும் சுமைக்கும் இழுத்துவரப்பட்டவர்கள் யார் என்று கேட்போம். மன்னர்களின் பெயர்கள் பலகையில் இருக்கின்றன. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இரண்டாம் நாள்: மைசூரு

விடியற்காலை சாமுண்டி மலை. எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் மகிஷாசுரன் சிலை அங்கேதான். ஒரு கையில் வாள், மறு கையில் பாம்பு. மைசூரு என்ற பெயரே மகிஷனிலிருந்து வந்தது. அசுரன் என்று காட்டப்படும் இவர் பௌத்த மன்னர் என்பது கர்நாடகத்தின் தலித் அமைப்புகளும் முற்போக்காளர்களும் முன்வைக்கும் வாசிப்பு. அசோகர் காலத்தில் மகாதேவர் என்ற பிக்கு மகிஷமண்டலத்துக்கு அனுப்பப்பட்டதை மகாவம்சம் குறிப்பிடுகிறது; அது மைசூருப் பகுதியே என்று பலர் கருதுகிறார்கள். அவர்கள் நடத்தும் 'மகிஷ தசரா'வுக்கு 2019இல் அனுமதி மறுக்கப்பட்டது. பின்னரும் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. பண்டிதர் அயோத்திதாசர் பண்டிகைகளையும் புராணங்களையும் பௌத்தக் கண்ணோடு திருப்பி வாசித்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அரசு விழா ஒன்று யானை மேல் போகும்போது, மக்கள் விழா ஒன்று மலையேற அனுமதி கேட்டு நிற்கிறது.

அந்த யானையை நடத்துகிறவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். தசரா யானைகளின் பாகர்களில் பெரும்பாலோர் ஜேனு குறும்பர் பழங்குடியினர். விழா நாட்களில் குடும்பத்தோடு அரண்மனை வளாகத்துக் கொட்டகையில் தங்குகிறார்கள். விழா முடிந்ததும் காட்டோரக் குடியிருப்புக்கு.

அரண்மனையைக் கட்டாயம் பாருங்கள். பழைய மர அரண்மனை 1897இல் எரிந்துபோக, ஹென்றி இர்வின் வடிவமைப்பில் 1912இல் முடிந்தது இப்போதைய கட்டடம். அதைக் கட்டிய காலத்து மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். அவரைப் பற்றி வழிகாட்டிகள் சொல்லாத ஒரு செய்தியை நாம் சொல்லிக்கொள்ள வேண்டும். 1918இல் நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் அவர் ஒரு குழு அமைத்தார். அரசு வேலைகளைப் பிராமணர்களே நிறைத்திருந்ததை எப்படி மாற்றுவது என்பதே அதன் வேலை. திவான் விசுவேசுவரய்யா இதற்கு உடன்படாமல் பதவி விலகினார். அணையும் தொழிற்சாலையும் கட்டிய பொறியாளர் என்று பாடநூல்கள் புகழும் அதே மனிதர்தான். குழுவின் பரிந்துரை 1921இல் அரசாணையானது. நம் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சியின் வகுப்புவாரி ஆணை வந்ததும் அதே 1921தான். தகுதி, திறமை என்று இன்று கல்லூரி விடுதியில் நம்மிடம் வாதம் செய்கிறவர்களுக்கு, இந்த வாதத்தின் வயது நூறு ஆண்டுக்கு மேல் என்று சொல்லலாம்.

அரண்மனையிலிருந்து நடக்கும் தூரத்தில் டவுன் ஹால், அதன் முன்னால் அம்பேத்கர் சிலை. இங்கே நின்று 1973ஐ நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அந்த நவம்பரில் மைசூருவில் நடந்த ஒரு கூட்டத்தில், தலித் தலைவரும் தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் அமைச்சருமான பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி 'பூசா' என்றார். பூசா என்றால் மாட்டுக்கு வைக்கும் தவிடு. உடனே மாநிலமெங்கும் கலவரம். தலித் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. ஆனால் அடிபட்ட அந்த மாணவர்களின் தலைமுறையிலிருந்துதான் தலித் சங்கர்ஷ சமிதி எழுந்தது. தேவனூர மகாதேவ, சித்தலிங்கய்யா போன்ற எழுத்தாளர்கள் எழுந்தார்கள். சித்தலிங்கய்யாவின் தன்வரலாறு 'ஊரும் சேரியும்' என்ற பெயரில் பாவண்ணன் மொழிபெயர்ப்பில் தமிழில் கிடைக்கிறது. வேன் கிளம்பும் முன் எல்லோரும் படித்திருக்க வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

மனிதக் கழிவைத் தலையில் சுமக்கும் வழக்கத்தைக் கர்நாடகத்தில் தடை செய்தவரும் அதே பசவலிங்கப்பாதான். மைசூரு 2015இலும் 2016இலும் இந்தியாவின் மிகத் தூய்மையான நகரம் என்று முதலிடம் பெற்றது. தெருக்கள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. அவற்றைக் கூட்டுகிற பௌரகார்மிகர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். நகரத்துக்கு விருது, அவர்களுக்கு வேலை நிரந்தரம் கேட்டுப் போராட்டம். ஓசூர் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டவுன் ஹாலில் இருந்து அசோகபுரம். மைசூருவின் தலித் அரசியலுக்கு இதயம் போன்ற பகுதி. சுற்றுலாப் பட்டியல் எதிலும் இது இல்லை. இதைக் காட்சிப்பொருளாகப் பார்க்கப் போகக்கூடாது என்பதையும் பேசிவைத்திருக்கிறோம். அம்பேத்கர் பூங்காவில் உட்கார்ந்து, அங்குள்ள தோழர்களோடு ஒரு டீ. நம் சேரிக்கு யாராவது கேமராவோடு வந்தால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும்.

என்ன சாப்பிடுவது, யாரோடு சாப்பிடுவது

சாப்பாட்டுப் பட்டியல் நீளமானது. நசர்பாத்தில் மைலாரி தோசை: வெண்ணெய் வைத்த, பஞ்சு போன்ற தோசை. தேவராஜ மார்க்கெட் பக்கத்தில் குரு ஸ்வீட்ஸ். அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா உருவாக்கியதாகச் சொல்லப்படும் மைசூர்பாகுக்கு அவருடைய வழிவந்தவர்கள் நடத்தும் கடை. மதியம் மண்டி மொகல்லாவில் அனுமந்து ஓட்டல் மட்டன் புலாவ். ராகி முத்தே கிடைக்கும் இடமும் ஒன்று வேண்டும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் களியைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிறுதானியம் என்று பெயர் மாறி நட்சத்திர ஓட்டலுக்குள் போவதற்கு முன்பே, களி நம் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

கர்நாடகத்தில் பல ஊர்களில் ஓட்டல் பெயர்ப்பலகையிலேயே 'பிராமின்' என்று இருப்பதைப் பார்ப்பீர்கள். சுத்தம், ருசி என்பதற்கான உத்தரவாதம் போல அந்தச் சொல் தொங்குகிறது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் தோழர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனது இந்த ஒரு சொல்லை எடுக்கச் சொல்லித்தான். ஒரு சாதியின் கை பட்டால் சுத்தம் என்றால், இன்னொரு சாதியின் கை பட்டால் என்ன என்று சொல்லாமல் சொல்கிறது அந்தப் பலகை. அத்தகைய பலகை உள்ள இடத்தில் சாப்பிடுவதில்லை என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.

மாட்டிறைச்சி எந்த உணவுச் சுற்றுலாப் பட்டியலிலும் இருக்காது. கர்நாடகத்தில் 2020 சட்டத்தின்படி, பதின்மூன்று வயது கடந்த எருமை தவிர மற்ற மாடுகளை இறைச்சிக்காக வெட்ட முடியாது. தமிழ்நாடு மட்டும் என்ன? 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தபோது மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடம் இல்லை என்றது. எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போனது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஆம்பூர் பிரியாணியின் புகழ் அரசுக்கு வேண்டும், அதைத் தின்று வளர்ந்தவர்களின் தட்டு வேண்டாம்.

எங்கள் பயணத்தில் விதி எளிமையானது. மாட்டிறைச்சி சாப்பிடுகிறவரை யாரும் முகம் சுளித்துப் பார்க்கக்கூடாது. சாப்பிடாதவரை யாரும் வற்புறுத்தக்கூடாது. எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

திரும்பும் வழியில் ஓர் ஆறு

திரும்பும்போது அதே விரைவுச் சாலையில் வராமல் மளவள்ளி, கனகபுரா வழியாக வருகிறோம். வழியில் சிவனசமுத்திரம். காவிரி இரண்டாகப் பிரிந்து விழும் அருவிகள். மழைக்காலத்தில் கண்கொள்ளாக் காட்சி. 1902இல் இங்கே எடுத்த மின்சாரம்தான் கோலார் தங்கவயலுக்குப் போனது. அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடாற்காட்டிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் போன தலித் மக்கள்.

ஆனால் நாங்கள் அங்கே நிற்பது அருவிக்காக மட்டும் அல்ல. 2018 நவம்பரில் இந்த ஆற்றில் இரண்டு உடல்கள் கை கால் கட்டப்பட்டு மிதந்தன. ஓசூரில் குடித்தனம் நடத்திய இளம் தம்பதி. சாதி மறுத்துத் திருமணம் செய்தவர்கள். அவர் தலித். பெண்ணின் உறவினர்களே இருவரையும் காரில் கூட்டிவந்து கொன்று ஆற்றில் வீசினார்கள் என்பது வழக்கு. பெண்ணின் தந்தை உள்ளிட்டோர் கைதானார்கள். அந்த இளைஞரை அடையாளம் காண உதவியது அவர் அணிந்திருந்த டிசர்ட். அதில் அம்பேத்கர் படமும், ஜெய்பீம் என்ற சொல்லும், அவருடைய ஊர்ப் பெயரும் இருந்தன.

ஓசூரிலிருந்து இதே பாதையில் தினமும் எத்தனையோ ஜோடிகள் அருவி பார்க்க வருகிறார்கள். ஒரு பையனும் ஒரு பெண்ணும் பயமில்லாமல் ஒன்றாக ஊர் சுற்ற முடிவதுதான் ஒரு சமூகத்தின் அளவுகோல். அந்தப் பயணம் அவர்கள் இருவருக்கும் மறுக்கப்பட்டது. சாதி ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் கேட்டு நாம் நடத்தும் கூட்டங்களில் பேச வருகிறவர்கள் இந்தக் கரையில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தால் நல்லது.

கிளம்பும் முன்

வேலைப் பிரிவினையைப் பெண் ஆண் என்று பார்க்காமல் செய்துகொள்ளுங்கள். பணம் குறைவாக இருக்கிற தோழருக்கு மற்றவர்கள் சேர்ந்து போடுங்கள், அதை வெளியே சொல்லாதீர்கள். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவரை வேனில் தூங்க விடுங்கள். காவிரிப் பிரச்சினை சூடாக இருக்கும் நாட்களில் எல்லையில் பேருந்துகள் நின்றுபோகும் என்பதால் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பார்த்ததையும் சாப்பிட்டதையும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்.

திரும்பி வந்தபின் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. மைசூருவிலிருந்தோ சென்னையிலிருந்தோ நம் தோழர்கள் கிருஷ்ணகிரிக்கு வந்தால் அவர்களுக்கு எதைக் காட்டுவோம்? அணை, கோட்டை, மாம்பழம் என்று ஒரு பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. நம் மக்கள் கட்டியது, வெட்டியது, சுமந்தது, மறுக்கப்பட்டது, போராடி மீட்டது எல்லாம் சேர்ந்த பட்டியலை இன்னும் யாரும் எழுதவில்லை. அதை நாமே எழுத வேண்டும்.

ஜெய்பீம்.